தையில் பூக்கணுமா? ஐப்பசியிலேயே குடை பிடிக்கணும்!

பெரும்பொழுதுக் கணக்குப்படி இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும். அதை நம்பிச் சென்னையில் திறந்தவெளியில் மலர்க் கண்காட்சி வைத்தால், வாசலில் ரிப்பன் வெட்டி முடிப்பதற்குள் உள்ளே பூக்கள் தலை தொங்கிவிடும். கத்திரி வெயிலில் மனிதர்களே வாடும் ஊர் இது. சென்னைச் செடிகளுக்கு வசந்தம் என்று ஒன்று உண்டென்றால், அது முன்பனியில்தான் வருகிறது. மார்கழி பாதியில் தொடங்கி மாசி பாதியில் முடிந்துவிடும். அவ்வளவுதான்.

தேதிகளைப் பார்த்தாலே இது தெரியும். தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை சென்னையில் மலர்க் கண்காட்சியைத் தொடங்கியது 2022-ல். ஜூன் 3 முதல் 5 வரை, குளிரூட்டப்பட்ட கலைவாணர் அரங்கத்துக்குள் அது நடந்தது. ஊட்டியிலிருந்தும் ஓசூரிலிருந்தும் பூக்கள் வந்து இறங்கின. பிறகு கண்காட்சி செம்மொழிப் பூங்காவுக்கு வந்தது. 2024-ல் பிப்ரவரி 10 அன்றும், 2025-ல் ஜனவரி 2 அன்றும் தொடங்கியது. ஜூனிலிருந்து ஜனவரிக்கு நகர்ந்ததில் பூக்களுக்கும் நிம்மதி, பார்க்க வந்தவர்களுக்கும் நிம்மதி.

ஆனால், மாடியில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. தையில் ஒரு செடி பூத்துக் குலுங்க வேண்டும் என்றால் அதை ஐப்பசியிலேயே நாற்றாக வளர்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் என்ன நடக்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஊரின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் கொட்டுவது அந்த வடகிழக்குப் பருவத்தில்தான்.

சைதாப்பேட்டைக்கும் செடிக்கும் பழைய பழக்கம்

செம்மொழிப் பூங்காவிலிருந்து அண்ணா சாலையில் தெற்கே சுமார் ஐந்து கிலோமீட்டர் வந்தால் சைதாப்பேட்டை. இன்று அந்தப் பெயரைக் கேட்டால் நினைவுக்கு வருவது நீதிமன்றமும், காரணீஸ்வரர் கோயிலும், அடையாற்றின் மேல் மறைமலையடிகள் பாலமும், எப்போதும் நெரிசலாக இருக்கும் மார்க்கெட்டும்தான். ஆனால், தமிழ்நாட்டின் வேளாண் படிப்பு பிறந்த இடமும் இதே ஊர்தான். கோவையில் இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், 1868-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளியைத்தான் தன் முதல் அத்தியாயமாகச் சொல்கிறது. 1906-ல்தான் அது கோவைக்குப் போனது. பள்ளிக்கு முன்பே, 1865-ல், ஆளுநர் வில்லியம் டெனிசன் காலத்தில் இங்கே சோதனைப் பண்ணை வந்துவிட்டது. இன்று நெருக்கியடித்து வீடுகள் நிற்கும் ஊரில் அன்று வயலும் வரப்புமாக விதையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

மறுமுனையில் இருக்கும் செம்மொழிப் பூங்காவின் கதை இன்னும் பழையது. தாவரவியல் அறிஞர் ராபர்ட் வைட் முன்னின்று 1835-ல் உருவான வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டம் கதீட்ரல் சாலையில்தான் இருந்தது. அதில் ஒரு பகுதியில் 1962 முதல் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இயங்கியது. காருக்குள் உட்கார்ந்தே தோசை சாப்பிட்ட தலைமுறைக்கு அது இன்னமும் 'டிரைவ்-இன்'தான். 2010 நவம்பரில் அதே இடம் செம்மொழிப் பூங்காவானது.

ஆக, நிலத்துக்குச் செடி புதிதல்ல. மாறியது இடத்தின் அளவுதான். பண்ணை போய், இப்போது சைதாப்பேட்டைக்காரருக்கு மிஞ்சியிருப்பது மொட்டைமாடி. அதிலும் தண்ணீர்த் தொட்டிக்கும், டிஷ் ஆன்டெனாவுக்கும், துணி காயும் கொடிக்கும் போக மீதி இருப்பது. அந்த இடத்துக்காக வீட்டுக்குள் நடக்கும் பஞ்சாயத்து தனிக் கதை!

நாளைப் பின்னாலிருந்து எண்ணணும்

சாதாரணமாகச் செடி வளர்ப்பவர், விதை போட்டுவிட்டு எப்போது பூக்கும் என்று காத்திருப்பார். கண்காட்சிக்கு வளர்ப்பவருக்குப் பூக்க வேண்டிய நாள் முன்பே தெரியும். அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். கல்யாணத் தேதி குறித்த பிறகு மண்டபம், பத்திரிகை, சமையல் என்று பின்னோக்கி வேலை பிரிப்பதைப் போலத்தான். ஒரே வித்தியாசம், செடிக்கு முகூர்த்த நாள் தெரியாது.

பிப்ரவரி முதல் வாரம் கண்காட்சி என்று வைத்துக்கொள்வோம். பெட்டூனியாவும் சால்வியாவும் விதையிலிருந்து முதல் பூவுக்கு வரவே 11, 12 வாரங்கள் எடுத்துக்கொள்ளும். முதல் பூ விட்டால் போதாது, தொட்டி நிரம்பப் பூக்க மேலும் இரண்டு வாரமாவது வேண்டும். எனவே அக்டோபர் கடைசிக்குள் குழித்தட்டில் விதை விழுந்திருக்க வேண்டும். டேலியாவை அதற்கும் முன்னால் தொடங்க வேண்டும். செண்டுமல்லிக்கு 60, 65 நாள். குட்டை ரகம் என்றால் 50 நாளே போதும். ஜினியா இரண்டு மாதத்தில் பூத்துவிடும்.

ரோஜாவுக்கு விதைக் கணக்கு இல்லை, கவாத்துக் கணக்கு. வெட்டிவிட்ட நாளிலிருந்து சென்னைத் தட்பவெப்பத்தில் ஆறேழு வாரத்தில் பூ வரும். அப்படியானால் டிசம்பர் பாதியில் கத்தரியை எடுக்க வேண்டும். அனுபவசாலிகள் இதில் ஒரு தந்திரம் செய்வார்கள். ஒரே ரக ரோஜாவில் மூன்று தொட்டி வைத்திருந்தால் மூன்றையும் ஒரே நாளில் வெட்ட மாட்டார்கள். நான்கு நாள் இடைவெளிவிட்டு ஒவ்வொன்றாக வெட்டுவார்கள். மேகமூட்டம் நீடித்தால் முதலில் வெட்டியது உதவும். வெயில் முந்திக்கொண்டால் கடைசியில் வெட்டியது கைகொடுக்கும்.

இந்த நாள் கணக்கை ஒரு புயலோடு பொருத்திப் பார்த்தால்தான் அதன் அருமை புரியும். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை சென்னையை மூழ்கடித்தது. அடுத்த செம்மொழிப் பூங்கா கண்காட்சி தொடங்கியது பிப்ரவரி 10. இடையில் இருந்தது 68 நாள். அந்த மழையில் நாற்றெல்லாம் அழுகிப்போய், வெள்ளம் வடிந்த மறுநாளே ஒருவர் மறுபடி விதை போட்டிருந்தால்? செண்டுமல்லி பூத்திருக்கும். ஜினியாவும் பூத்திருக்கும். ரோஜாவைக் கவாத்து செய்ய நாள் மிச்சமே இருந்தது. பெட்டூனியா மட்டும் பச்சை இலையோடுதான் நின்றிருக்கும். அதனால்தான் விவரமானவர்கள் எல்லா விதையையும் ஒரே நாளில் போட்டுத் தீர்க்காமல் அரைப் பொட்டலத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் ஒளித்து வைக்கிறார்கள்.

2015 டிசம்பர் அப்படிப்பட்ட கணக்குக்கெல்லாம் அடங்காதது. செம்பரம்பாக்கம் உபரி நீரும் அடையாற்று வெள்ளமும் சேர்ந்து சைதாப்பேட்டைக் கரையோரத் தெருக்களுக்குள் புகுந்தபோது மறைமலையடிகள் பாலத்திலேயே போக்குவரத்து நின்றது. மொட்டைமாடிகள் அன்று மனிதர்களுக்கே போதவில்லை. தொட்டியைப் பற்றி யார் நினைப்பார்கள்!

மழையில் செடி சாவது தண்ணீரால் அல்ல

தொடர்மழையில் தொட்டிச் செடி வாடினால், 'இவ்வளவு தண்ணீர் கிடைத்தும் ஏன் வாடுகிறது?' என்று பலர் குழம்புவார்கள். வேருக்குக் காற்று வேண்டும். மண்ணின் சின்னச் சின்ன இடைவெளியெல்லாம் நீர் அடைத்துக்கொண்டால் வேர் மூச்சுத்திணறி அழுகுகிறது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால், ஈரத்தில் நின்றபடியே செடி தாகத்தில் வாடுகிறது. அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு இன்னும் ஒரு குவளை ஊற்றுபவர்களும் உண்டு.

எனவே, கண்காட்சித் தொட்டியின் வெற்றி பெரும்பாலும் பூவில் இல்லை, அடியில் இருக்கும் துளையில் இருக்கிறது. துளையின் மேல் உடைந்த ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் கொஞ்சம் சரளைக் கல், பிறகு மண் கலவை. செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் சம அளவு என்பது பழைய கணக்கு. மாடியில் பாரம் ஏறக் கூடாது என்பதால் இப்போது செம்மண்ணைக் குறைத்துத் தேங்காய் நார்க்கழிவைச் சேர்க்கிறார்கள். நார்க்கழிவு எடை குறைவு, ஆனால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மார்ச்சில் அது வரம், நவம்பரில் சாபம். மழைக்கு முன் நிரப்பும் தொட்டியில் அதை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகவிடாமல், மணலைத் தாராளமாகக் கலப்பதுதான் நல்லது. தொட்டியைத் தரையில் ஒட்டி வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தால் துளை அடைபடாது. மாடித் தளமும் ஊறாது.

நாற்றுக்கு மேலே ஒரு கூரை வேண்டும். பச்சை நிழல்வலை வெயிலுக்குத்தான், மழையை அது தடுக்காது. வலையில் விழும் பெருந்துளிகள் ஒன்றுசேர்ந்து இன்னும் கனமாக நாற்றின் தலையில் சொட்டும். வளைத்த பிவிசி பைப்பின் மேல் கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளைப் போர்த்தி, பக்கங்களைத் திறந்து விட்டால் போதும். ஆனால், புயல் அறிவிப்பு வந்தால் அதையும் அவிழ்த்துவிட வேண்டும். காற்று அந்தத் தாளைப் பாயாக்கிப் பைப்பையும் சேர்த்துப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடும். அன்றைக்குக் குழித்தட்டுகளுக்கு இடம் மாடிப்படிக்கட்டுதான்.

அடீனியம் வளர்ப்பவர்கள் இன்னொரு வேலை செய்வார்கள். பாலைவனத்துச் செடி அது. பருத்த அடித்தண்டில் நீரைச் சேர்த்து வைத்திருக்கும். நான்கு நாள் விடாமல் நனைந்தால் அந்தத் தண்டு கொழகொழத்துவிடும். அதனால், அடைமழை பிடித்தால் தொட்டியையே பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்துவிடுவார்கள். பார்ப்பவர்களுக்குப் புயலில் விழுந்தது போலிருக்கும். செடி உள்ளே உலர்ந்து சௌக்கியமாக இருக்கும்.

ஊட்டியில் இதே மாதங்களில் எதிரி வேறு. அங்குள்ள அரசுத் தாவரவியல் பூங்காவை 1848-ல் உருவாக்கத் தொடங்கியவர் டபிள்யூ.ஜி.மெக்ஐவர். 1896-ல் தொடங்கிய ஊட்டி மலர்க் கண்காட்சியின் 127-வது பதிப்பு 2025 மே மாதம் நடந்தது. மே மாதப் பூவுக்கான வேலை அங்கே ஆண்டின் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் இளஞ்செடிகள் கருகிவிடும் என்பதால், கோத்தகிரி மிலார் என்ற செடியின் கிளைகளை வெட்டிவந்து அவற்றின் மேல் கூடாரம்போல் மூடி வைப்பார்கள். காலையில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பார்கள். அங்கே பனிக்குக் கூரை, இங்கே மழைக்குக் கூரை.

தெருவிளக்கு செய்யும் சதி

சாமந்தியில் ஒரு விநோதம் உண்டு. செடி கொழுகொழுவென்று வளர்ந்திருக்கும், உரத்திலும் குறையிருக்காது, ஆனால் மொட்டு மட்டும் வைக்காது. அல்லது மாடியின் ஒரு மூலையில் இருப்பவை பூத்திருக்க, தெருப்பக்கக் கைப்பிடிச் சுவர் ஓரம் இருப்பவை மட்டும் பூக்காமல் அடம்பிடிக்கும். காரணம் பெரும்பாலும் எதிரே நிற்கும் தெருவிளக்கு.

சில செடிகள் பகல், இரவின் நீளத்தை அளந்துதான் பூக்கின்றன என்பதை 1920-ல் உலகுக்குச் சொன்னவர்கள் அமெரிக்க வேளாண்மைத் துறையில் இருந்த கார்னரும் அல்லார்டும். அவர்கள் புகையிலைச் செடியை வைத்துக் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலான சாமந்தி ரகங்களும் இந்த வகைதான். இடையூறில்லாத நீண்ட இருட்டு கிடைத்தால்தான் அவை மொட்டுக்குத் திரும்பும். சென்னையில் ஜூன் மாதப் பகல் ஏறக்குறைய 13 மணி நேரம். டிசம்பரில் 11 மணி 20 நிமிடம்தான். இரவு நீளும் அந்த மாதங்களில் நள்ளிரவு வரை வெளிச்சம் விழுந்தால், செடி இன்னும் கோடைதான் என்று நினைத்துக்கொள்கிறது. பசுமைக்குடில்களில் சாமந்தி வளர்ப்பவர்கள் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். இரவில் பல்பு எரியவிட்டுப் பூப்பதைத் தள்ளிப்போட்டு, வேண்டிய தேதியில் விளக்கை அணைத்துப் பூக்க வைப்பார்கள். மாடித்தோட்டக்காரருக்கு எல்இடி தெருவிளக்கை அணைக்கும் அதிகாரம் இல்லை. தொட்டியைத் தண்ணீர்த் தொட்டியின் மறைவுக்கு நகர்த்தலாம். இல்லையென்றால் மாலை 6 மணிக்கு ஒரு கறுப்புத் துணியைப் போர்த்திக் காலை 6 மணிக்கு எடுக்கலாம். ஒரு நாள் மறந்தால் தப்பில்லை, அடிக்கடி மறந்தால் மொட்டு தள்ளிப்போகும்.

மொட்டு வந்த பிறகு மனதைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பெரிய பூ ரகச் சாமந்தியிலும் டேலியாவிலும் நுனியில் ஒரு மொட்டை மட்டும் விட்டுவிட்டுப் பக்க மொட்டுகளையெல்லாம் கிள்ளி எறிய வேண்டும். அப்போதுதான் அந்த ஒன்று உள்ளங்கை அளவுக்கு விரியும். ஆசை ஆசையாக வளர்த்த மொட்டைக் கையாலேயே கிள்ளுவதற்குப் பலருக்கு மனசு வராது. பாதி மொட்டுகளைக் கிள்ளி, பாதியை விட்டு, கடைசியில் பெரிய பூவும் இல்லாமல் நிறைந்த பூவும் இல்லாமல் நடுவில் நிற்பார்கள்.

நடுவர் என்ன பார்ப்பார்?

போட்டி வைக்கும் மலர்க் கண்காட்சிகளில் பொதுவான ஒரு விதி உண்டு. செடி குறிப்பிட்ட சில மாதங்களாவது போட்டியாளரின் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும். முதல்நாள் நர்சரியில் வாங்கிக் காலையில் கொண்டுவந்து வைப்பதைத் தடுக்கத்தான் அது. அப்படி வாங்கியதைக் கண்டுபிடிப்பது கஷ்டமும் இல்லை. தொட்டியின் விளிம்பில் மண் படிந்த வரி, வேர் தொட்டியோடு ஒட்டியிருக்கும் விதம், இலைகள் ஒளியை நோக்கித் திரும்பியிருக்கும் கோணம் எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தக் கோணம்தான் வீட்டுச் செடிக்கும் வில்லன். சுவர் ஓரம் வைத்த தொட்டி, வெயில் வரும் பக்கம் மட்டும் அடர்ந்து, பின்பக்கம் மொட்டையாக இருக்கும். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால்வட்டம் திருப்பி வைத்தால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வரும். செலவில்லாத வேலை இது. ஆனாலும் அதிகம் பேர் கோட்டைவிடுவது இதில்தான்.

பூவின் அளவு, நிறம், புதுமை ஆகியவற்றுக்கு மதிப்பெண் உண்டு. இலைக்கும் உண்டு. ஒரே ஒரு மாவுப்பூச்சி கண்ணில் பட்டாலும் நடுவரின் முகம் மாறும். எறும்பு வரிசையாக ஏறுகிற செடியில் மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கிறது என்று அர்த்தம். அவை சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அவற்றைக் காவல் காக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது நீரில் கரைய சில சொட்டு சோப்புக் கரைசல் சேர்த்து, மாலை வேளையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்கலாம். பூ விரிந்த பிறகு தெளித்தால் இதழில் கறை விழும், அதனால் மொட்டுப் பருவத்தோடு நிறுத்திவிட வேண்டும். கடலைப் புண்ணாக்குக் கரைசலையும் மொட்டு நிறம் காட்டியதும் நிறுத்துவதுதான் நல்லது. தழைச்சத்து தொடர்ந்தால் இலைதான் செழிக்கும். வாசனையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பக்கத்து வீட்டார் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள்.

தொட்டிக்குக் காவி பூசுவதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே பூசிக் காயவிட வேண்டும். பூசும் முன் ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் விட்ட வெள்ளைப் படிவைத் தேய்த்துக் கழுவுவது அவசியம். இலையைப் பளபளப்பாக்கத் தேங்காயெண்ணெய் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். தூசிதான் வந்து ஒட்டும். ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

லண்டனில் 1913 முதல் நடக்கும் செல்சி மலர்க் கண்காட்சிக்குத் தயாராகிறவர்கள், முந்திக்கொள்ளும் செடியைக் குளிர் அறையில் நிறுத்தி வைப்பார்கள். பிந்துவதைச் சூடான கண்ணாடி வீட்டுக்குள் தள்ளுவார்கள். சைதாப்பேட்டை மாடியில் அதே வேலையை நிழலும் வெயிலும் செய்கின்றன. மொட்டு முந்தினால் படிக்கட்டின் அடியில் காற்றோட்டமான நிழல். பிந்தினால் மாடியில் அதிக நேரம் வெயில் விழும் மூலை. இரண்டு, மூன்று நாள் இப்படிப் பிடித்து இழுக்கலாம். பத்து நாளை இழுக்க முடியாது.

எந்தச் செடியைக் கொண்டுபோவது?

கண்காட்சியில் பார்த்த பான்சியையும் பிகோனியாவையும் வாங்கி வந்து, அதே போல் மாடியில் வளர்த்துக் காட்ட வேண்டும் என்று பலருக்கு ஆசை. குளிர்ந்த ஊரின் செடியை அந்த ஊர்க்காரரோடு போட்டி போட்டு வளர்ப்பது வீண்வேலை. ஓசூரின் இரவுக் குளிரை எந்த உரமும் தராது. சென்னைக்காரர் ஜெயிக்கக்கூடிய செடிகள் வேறு. காகிதப்பூ என்று அலட்சியமாகச் சொல்கிறோமே, அந்த போகன்வில்லா ஜனவரியில் தண்ணீரைக் குறைத்தால் இலையே தெரியாமல் பூக்கும். அடீனியம், இட்லிப்பூ, செம்பருத்தி, நித்தியகல்யாணி, குரோட்டன் இவையெல்லாம் உப்புக்காற்றுக்கும் வெக்கைக்கும் பழகியவை. பத்து வருஷம் ஒரே தொட்டியில் வளர்த்த ஒரு சாதாரண இட்லிப்பூச் செடி உருண்டையாகப் பூத்து நின்றால், லாரியில் வந்து இறங்கிய ஆயிரம் பெட்டூனியாவுக்கு நடுவிலும் ஆட்கள் அதன் முன்னால்தான் நிற்பார்கள்.

கடைசிச் சோதனை போக்குவரத்து. முதல்நாள் மாலை நன்றாகத் தண்ணீர் விட்டு, காலையில் விடாமல் இருந்தால் எடை குறையும், மண்ணும் சிந்தாது. பெரிய பூக்களுக்குக் கீழே செய்தித்தாளைக் கூம்பாகச் சுற்றி நூலால் கட்ட வேண்டும். சைதாப்பேட்டையின் பழைய வீடுகளில் மாடிப்படி இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டிய அகலம்தான். அதில் பூத்த செடியோடு இறங்குவது ஒரு வித்தை. கொடிக் கம்பியும் கைப்பிடியும் கிளையை முறிக்கக் காத்திருக்கும். கீழே குட்டியானை வண்டியில் சாக்கை விரித்து, தொட்டிகளுக்கு நடுவே ஈர மணல் மூட்டைகளை அடைகொடுத்து, அண்ணா சாலை விழிக்கும் முன்பே கிளம்பினால்தான் பூ முழுசாகப் போய்ச் சேரும். மாற்றுத் தொட்டி ஒன்று கூடவே போவது நல்லது.

கண்காட்சி முடிந்து திரும்பும் செடிகள் களைத்திருக்கும். நிழலில் கிடந்தவற்றை உடனே முழு வெயிலில் வைக்காமல் ஒரு வாரம் பழக்க வேண்டும். பெட்டூனியாவும் ஜினியாவும் மார்ச்சோடு முடிந்துவிடும். அவற்றின் மண்ணைக் கொட்டி வெயிலில் காயவைத்தால் அடுத்த ஆண்டுக்கு ஆகும். சாமந்தியைத் தூக்கி எறிய வேண்டாம். தண்டைத் தரையோடு வெட்டிவிட்டால் அடியிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பும். அவற்றைக் கத்திரி வெயில் முழுவதும் நிழல்வலைக்குக் கீழே உயிரோடு வைத்திருந்தால், ஜூன் கடைசியில் நுனித் துண்டுகளை வெட்டி மணலில் ஊன்றலாம். ஆகஸ்டில் ஒருமுறை நுனி கிள்ள வேண்டும். அதற்குள் தெருவிளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துத் தொட்டிக்கு இடம் ஒதுக்கிவிடுங்கள்.